நாலாவது பார்லர்

மறுநாள் பட்டமளிப்பு விழா. தான்சானியாவிலிருந்து மதுரைக்கு நர்சிங் படிக்க வந்த நீமாவின் தலைமுடி இன்னும் சிக்குப் பிடித்தே கிடந்தது. ஊரிலிருக்கும் அம்மா விழாவை வீடியோவில் பார்க்கப் போகிறாள்.

முதல் பார்லரில் சீப்பு உடைந்தது. அடுத்ததில், "ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிருவோம்" என்றார்கள். மூன்றாவதில், "பேசாம அழகர்கோவில்ல மொட்டை போட்டுரும்மா" என்று சிரித்தார்கள்.

வில்லாபுரத்தில் தமிழ்ச்செல்வியின் பார்லருக்குள் நுழைந்தபோது நீமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"இம்புட்டுச் சுருள் முடிய நான் தொட்டதே இல்லையேம்மா!" என்றாள் தமிழ்ச்செல்வி.

"எங்க ஊர் மாதிரி சின்னச் சின்னதா பின்னணும்க்கா. அம்புட்டுத்தான்."

"அட, அதுக்கு ஆள் இருக்கே! என் கஸ்டமர் மகளுக்கு ஸ்கூல் டான்ஸுக்கு ஒரு பொண்ணு அப்படித்தான் பின்னிவிட்டுச்சு. ஒரு முடி பிசிறல. நம்பர் வாங்கி வச்சிருக்கேன், இரு."

நீமாவின் முகம் மலர்ந்தது. தமிழ்ச்செல்வி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அதே நேரம் நீமாவின் பைக்குள் போன் அடித்தது.

"ரிங் போகுது. நீ உன் போனைப் பேசிட்டு வாம்மா."

நீமா எடுத்து, "ஹலோ" என்றாள். எதிரில் நின்ற தமிழ்ச்செல்வியின் குரலே போனிலும் கேட்டது. நீமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தான்க்கா. எல்லாருக்கும் பின்னிவிடுறேன். என் பின்மண்டைக்கு மட்டும் என் கை எட்ட மாட்டேங்குது."

தமிழ்ச்செல்வி போனை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

"நீ சொல்லிக் குடு. என் கை எட்டும்."