சாப்பிடாமல் போன சம்பந்தி

பவளராணி சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கவும், ஜப்பான் சம்பந்திகள் இருவரும் கதிரையை விட்டு எழும்பவும் சரியாக இருந்தது.

இடுப்புவரை குனிந்து இரண்டு தரம் வணங்கினார்கள். சப்பாத்தைப் போட்டார்கள். கதவைத் திறந்து போயே விட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, எங்கை போகினம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஓர்கன் வாசிச்சுக்கொண்டெல்லே இருந்தனான்," என்றார் கணவர் பஸ்தியாம்பிள்ளை.

மகன் ஜோன்சன் கட்டப்போகும் மிசாகியின் தாய் தகப்பன். கல்யாணத்துக்கு நாள் குறிக்கத்தான் தோக்கியோவிலிருந்து ஐரோப்பாவில் இவர்கள் குடியிருக்கும் கிரின்ஸ்டெட் வரை வந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் கேக் எடுக்கக் காரில் போயிருந்தார்கள். பெரியவர்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

"விடியவெள்ளன எழும்பிச் சமைச்சனான். கணவாய்ப் பிரட்டல் அப்பிடியே கிடக்கு. எங்களைப் பிடிக்கேல்லையெண்டால் இப்பிடியே முகத்தில அடிக்கிறது?"

"வந்த வீட்டில கை நனைக்காமல் போனால் வேற என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாமாம்."

"நீங்கள் என்னத்தை வாசிச்சனீங்கள்?"

"அவையின்ர பாட்டுத்தானப்பா! ஒரு கிழமையாப் பழகினனான். பழைய ஸ்கொட்லாந்து மெட்டு. நூற்றைம்பது வருசத்துக்குக் கிட்ட முந்தி, ஜப்பானில ஐரோப்பா மெட்டுகளை எடுத்துப் பள்ளிக்கூடங்களில படிப்பிச்சிருக்கினம். அங்க சின்னப்பிள்ளைக்கும் தெரியுமாம். கேட்டுக் கண் கலங்குவினமெண்டு பார்த்தால், சப்பாத்தைப் போடுகினம்! மரியாதை தெரியாத சனம்."

"நான் அண்டைக்கே சொன்னனான், மன்னாரில ஒரு பிள்ளையைப் பாப்பமெண்டு."

கைபேசி அடித்தது. ஜோன்சன்.

"அப்பா, நாங்கள் வாற வழியில பார்த்தம், மிசாகியின்ர அம்மாவும் அப்பாவும் பஸ் தரிப்பில நிக்கினம். இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான்."

"நிக்கட்டும். பாட்டு வாசிச்சு வரவேற்றனான். எழும்பிப் போட்டினம்."

"அந்தப் பாட்டுத்தானப்பா பிரச்சினை. ஜப்பானில கடை பூட்டேக்க அதைத்தான் போடுறவையாம். 'நேரம் முடிஞ்சுது, வெளிக்கிடுங்கோ' எண்டு வாயால சொல்லக் கூச்சப்பட்டு!"

பஸ்தியாம்பிள்ளை கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"ஐயோ... இப்ப என்ன சொல்லுகினம்?"

"மிசாகியின்ர அம்மா அழுகிறா. 'வெளியில போங்கோ எண்டதைக்கூட மனம் நோகாமல் ஓர்கன் வாசிச்சுச் சொல்லுற தங்கமான குடும்பம். இப்பிடிப்பட்ட ஆக்களின்ர மனம் நோக நாங்கள் என்ன பிழை விட்டம்?' எண்டு கேக்கிறா."