பலூனில் இருந்த நைட்ரஜன்

வாயுவைப் பலூனில் பிடித்துக் குழாயில் மாட்டுவது அந்த ஆய்வகத்தில் வழக்கம் என்பதால், ஜெசிந்தா செய்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த மஞ்சள் பலூனில் இருந்தது சிலிண்டர் வாயு இல்லை. உடன் ஆய்வு செய்த சுயம்பு அவள் பிறந்தநாளுக்கு வாயால் ஊதிக் கட்டியது. மறுநாள் பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை. பத்து நாளில் பலூன் சாத்துக்குடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மனிதர் விடும் மூச்சில் முக்கால் பங்கு நைட்ரஜன்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஓரணு தடிமனே உள்ள கார்பன் ஏடான கிராஃபீன் படலத்தைச் சேம்பருக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்தபின், பலூனின் முடிச்சை அவிழ்த்துக் குழாயில் மாட்டினாள். மின்சாரம் பாய்ந்ததும் கண்ணாடிச் சாளரத்தில் வாயு ஊதா நிறப் பிளாஸ்மாவாக ஒளிர்ந்தது. அது படலத்திலிருந்து கார்பன் அணுக்களைத் தட்டி எடுக்கும். காலியான இடங்களில் நைட்ரஜன் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது எளிதில் எழுந்து போகாது. ஒளி அணையும்வரை அவள் சாளரத்தைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

மறுவாரம் சோதனை முடிவைப் பார்த்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நைட்ரஜன் நல்லா ஏறியிருக்கேம்மா. எந்த சிலிண்டர்?"

"பலூன்ல இருந்து விட்டேன் சார்."

"சரி, இதே மாதிரி இன்னும் ரெண்டு செஞ்சு காட்டும்மா. ஒண்ண மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது."

"சரி சார்" என்றாள். கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் தொய்ந்த ரப்பரைத் தடவின. அவன் முடிச்சுப் போட்ட இடம் மட்டும் இன்னும் சுருண்டே இருந்தது.