கோட்டைப் பிடித்துத் தொங்குகிறவர்கள்

பிரபாகர் வரைந்த படத்தில் 'ஊழியர்' என்று ஒரு கட்டம், 'குடும்பத்தினர்' என்று ஒரு கட்டம், நடுவே ஒரு கோடு. அந்தப் படத்தை வைத்துக் கட்டிய சிஸ்டம்தான் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அவன் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தில் அன்று ஓடத் தொடங்கியிருந்தது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. மனைவி இனியா. கவிழ்த்து வைத்தான்.

"நம்ம ஸ்டாஃப் வேலைய விட்டுப் போனாலும், அவங்க பொண்டாட்டி புள்ளைங்க ஒரு மாசம் ஓசியில வைத்தியம் பார்த்துட்டு இருந்தாங்க லா," என்றார் மேலாளர் ரக்ஷனா.

"இனி நடக்காது மேடம். ஊழியரைத் தூக்கினா, அந்தக் கோட்டைப் புடிச்சுத் தொங்குற அத்தனை பேரும் அந்த நொடியே காலி. ஆஸ்பத்திரி கவுண்டருக்கும் உடனே தெரிஞ்சிடும்."

"பாவம் பாருங்கன்னு யாராச்சும் கெஞ்சினா?"

"கெஞ்சுறதுக்கு அதுல கட்டமே வைக்கல மேடம்!"

இருவரும் சிரித்தார்கள்.

"ஒரு பேரைத் தூக்கிப் பார்ப்போமா?" ரக்ஷனா பட்டனைத் தட்டினார். திரையை அவன் பக்கம் திருப்பவில்லை. "சூப்பரா வேலை செய்யுது."

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு பிரபாகர். உங்க வேலையும் இன்னியோட முடியுது. சாரி லா."

மறுபடி போன் அதிர்ந்தது. இம்முறை எடுத்தான்.

"ஏங்க, ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டுத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. இன்ஷூரன்ஸ்ல என் பேரே இல்லையாம்!" இனியா அழுதாள். "நீங்க அங்கதானே இருக்கீங்க. யார்கிட்டயாவது கெஞ்சிப் பாருங்களேன்!"