கூல் என்றால்

மனைவி இறந்த இரண்டாம் வருடம், மறுகல்யாணம் செய்துகொள்ளப்போவதாகத் தணிகாசலம் வெளிநாட்டிலிருந்த மகனுக்குச் செய்தி அனுப்பினார். 'கூல்' என்று பதில் வந்தது. அதன்பிறகு எட்டு மாதமாக அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கைப்பேசியோடு நூலகத்துக்கு வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். நூலகர் பிரிசில்லா, மாலை ஐந்து மணி அலுப்போடு ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினாள். குளிர்ச்சி, நிதானம், ஜாஸ் இசைக்காரர்களின் பாராட்டு, சம்மதம் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார்.

"இதுல கோவம்னு எங்கயாச்சும் போட்டிருக்காம்மா?"

"இல்லீங்க ஐயா."

பக்கத்தின் நடுவில் ஒரு வரியை அவள் விரல் மூடியிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மெதுவாக மாட்டிக்கொண்டார்.

"விரலக் கொஞ்சம் எடும்மா."