டயருக்குள் ஒரு சாட்சி

“வெளிய மூடி மாதிரி திருகுற சாமானெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. அவன் ஒரு நிமிசத்துல கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருவான். டயருக்கு உள்ள மாட்டுறது இருந்தா எடு!”

செம்பூரில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் மகேஷ்குமார், கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தான். டயரில் காற்று குறைந்தால் சொல்லும் கருவியை யார் யாரோ வந்து வாங்கியிருக்கிறார்கள். தாராவி பிரம்மநாயகத்தைப் போல மூக்கு விடைக்க நின்று யாரும் கேட்டதில்லை.

“யாரு அண்ணாச்சி கழட்டுவான்?”

“எங்க தெரு பஞ்சர் கடைக்காரன் கரீம் பாட்சா! வேற யாரு?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்” என்றாள் அவர் மனைவி கோமதியம்மாள்.

“நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? திருட்டுத்தனம் பண்ணுதவன்லா மெதுவாப் பேசணும்!”

கடை வாசலில் ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு அவருடைய ட்ரெய்லர் நின்றது. ரெண்டே சக்கரம். கல்யாண வீடுகளுக்கு அடுப்பும் அண்டாவும் ஏற்றிப் போகும் வண்டி. அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது.

“போன மாசம் ஆர்டர் குடுக்க வந்தவங்களை வச்சுக்கிட்டே சொல்லுதான் தம்பி, ‘இந்த டயரோட ஹைவேக்குப் போகாதிய அண்ணாச்சி, நாலு பேரைக் கொன்னுருவிய’ன்னு. என் மானமே போச்சு! நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு அன்னையோட பேச்சை நிறுத்திட்டேன். காத்தடிக்கக்கூட அவன் கடை வாசலை மிதிக்கதில்ல. அந்த ஆத்திரத்துல டயர்ல காத்தை எறக்கி விடுதான்!”

“பாத்தீங்களா?”

“ரெண்டு வாட்டி ஜன்னல் வழியாப் பாத்தேன். விடியக்காலம், சக்கரத்துப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருக்கான். நான் எறங்கி வாரதுக்குள்ள கடைக்குள்ள போயிட்டான். போன வாரம் ஒரு டயர் தரையோட தரையாக் கெடக்கு! முலுண்ட் கல்யாணத்துக்கு நான் போய்ச் சேரும்போது, ஓட்டல்ல இட்லி வாங்கிப் பந்தி போட்டுட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரன் ஏசுன ஏச்சு இன்னும் காதுல நிக்கி.”

“அன்னைக்கு பாய் ஊருக்குப் போயிருந்தாருங்க. கடை பூட்டிலா கெடந்துச்சு” என்றாள் கோமதியம்மாள்.

“அதான்! செய்யதைச் செஞ்சிட்டு ஓடிட்டான்!”

மகேஷ்குமார் வேறொரு பெட்டியை எடுத்தான். “பாக்கிப் பேரு வண்டி ஓடுறப்ப பாக்கத்தான் இதை வாங்குவாங்க. ட்ரெய்லர்ல டயர் போனா முன்னால ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. சிக்னல் உங்க சீட் வரைக்கும் வரணும்னா இந்த பூஸ்டரும் வேணும்.”

“ஓடும்போது எவன் காத்தை எறக்குவான்? நிக்கும்போது சொல்லுமா?”

“சொல்லும். உள்ள மாட்டிட்டா வெளிய யாருக்கும் தெரியாது. காத்துல சட்டுனு மாறுதல் வந்தா முழிச்சுக்கிட்டு உங்க போன்ல கத்தும். சக்கரத்துக்குச் சக்கரம் நம்பர் தனியா ரெக்கார்ட் ஆகும்.”

“ரெக்கார்ட் ஆகுதா? அது போதும்!” பிரம்மநாயகம் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். “அவன் கடை இருக்கதே பிளாட்பாரத்துல. புரூஃபோட போலீஸ் சௌக்கிக்குப் போனேன்னா ஒரே நாள்ல கடையைத் தூக்கி எறிஞ்சிருவாங்க.”

சென்சார் மாட்டுவதற்காக டயரைக் கழற்றிய மகேஷ்குமார், அதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “அண்ணாச்சி, ரெண்டும் வழவழன்னு தேஞ்சு போச்சு. இதையும் மாத்திருங்களேன்.”

“நீயும் அவன் ஆளா?”

மகேஷ்குமார் அந்தப் பழைய டயர்களுக்குள்ளேயே சென்சாரை மாட்டி மூடினான்.

புதன்கிழமை வாஷியில் கல்யாணம். முந்தின நாளே அடுப்பையும் அண்டாவையும் ஏற்றி வைத்தாகிவிட்டது. விடியும் நேரத்தில் தலைமாட்டில் இருந்த போன் வீல் வீலென்று கத்தியது. பிரம்மநாயகம் ஜன்னலுக்குத் தாவினார். ட்ரெய்லருக்கு அந்தப் பக்கம், சக்கரத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

சட்டைகூடப் போடாமல் போனோடு படியிறங்கி ஓடினார். கோமதியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

“வேய் பாய்! மாட்டுனீரா இன்னைக்கு!”

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கரீம் பாட்சா திடுக்கிட்டு எழுந்தார். “அண்ணாச்சி, நான் வந்து...”

“பேசாதீரும்! என் சோத்துல மண்ணள்ளிப் போட உமக்கு எப்படிவே மனசு வந்துச்சு? ஒரே தட்டுல தின்னோமே! இன்னைக்கோட உம்ம கடை காலி. சாட்சி டயருக்குள்ளயே இருக்கு, தெரியுமா?” பிரம்மநாயகம் போனை மனைவியிடம் நீட்டினார். “என் கண்ணாடி மாடியில இருக்கு. நம்பரை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி கோமதி!”

“இருபத்தொண்ணு...”

“கேட்டுக்கோங்க! முப்பத்தாறு இருந்த டயரு!”

“அப்புறம் இருபத்தஞ்சு... முப்பது... முப்பத்திமூணு...” கோமதியம்மாளின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “ஏங்க, நம்பர் ஏறிக்கிட்டுலா வந்திருக்கு.”

கரீம் பாட்சா மெல்லத் திரும்பி, சக்கரத்தோடு குழாய் மாட்டியிருந்த காற்றடிக்கும் பம்பின் மேல் காலை வைத்தார்.

“இன்னும் மூணு பாக்கி இருக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள வண்டியை எடுத்துராதிய.”