நாலடிக் கதவு

"நாலடிக்கு ஒரு விரல் கொறஞ்சாலும் எனக்கு இந்தக் கதவு வேணாம்" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள் காசியம்மாள்.

கள்ளக்குறிச்சியில் கதவு, ஜன்னல் விற்கும் கடை அது. கடைக்காரர் சுபாஷ் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, வூட்டுல ஆனை கட்டப் போறீங்களா? உங்க வூட்டு அளவுக்கு மூணரையே ஜாஸ்தி."

"இருக்கட்டுங்க. அவ கேக்கறதயே குடுங்க" என்றான் அவள் புருஷன் மாயவன். அவள் இப்படி அடம்பிடித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பிடிக்கட்டும், இன்னும் பிடிக்கட்டும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

வயிற்றில் புண் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். சேலத்து டாக்டர் அவனை மட்டும் தனியே கூப்பிட்டு, இந்த மழைக்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று சொன்னதை மகள் மணிமொழியிடம்கூட மூச்சு விடவில்லை. புது வீட்டில் அவள் நாலு நாளாவது வாழ்ந்துவிட வேண்டும் என்று ஓடி ஓடி, கல்வராயன் மலையில் சுவர் எழுப்பிக் கூரையும் போட்டுவிட்டான். கதவும் ஜன்னலும்தான் பாக்கி.

சுபாஷ் தேக்கைக் காட்டினார்.

"மரமே வேணாங்க. மல ஈரத்துக்கு ஊதிக்கும்" என்றாள் காசியம்மாள். "பழைய வூட்டுல ரெட்டக் கதவுன்னு பேருதான். ஐப்பசி வந்தா ஒரு பக்கம் புடிச்சிக்கும், தை பொறந்தாதான் தொறக்கும்."

அது நிஜம். போன ஐப்பசியில் மாயவனின் அம்மா செத்த அன்றும் அந்தப் பக்கம் அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியும் திறக்காமல், வந்த சனமெல்லாம் மழையில் நனைந்துகொண்டு வாசலில்தான் நின்றது.

கடைசியில் இரட்டை இரும்புக் கதவு ஒன்று அவளுக்குப் பிடித்தது. ஈரத்துக்கு ஊதாது, துருப்பிடிக்காத பூச்சு. நிலைக்கு நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சிகினு உள்ள வரணும். சாய்க்கக் கூடாது. வருமா?"

"பீரோவா? தாராளமா வரும். பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகினு இருக்கீங்களா?"

காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணிமொழியின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிடும் ஆசைதான் இவளை இத்தனை பேசவைக்கிறது என்று மாயவனுக்குத் தோன்றியது. சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஜன்னலு எப்பிடிம்மா வேணும்?"

"அத மாமாவே பாத்து எடுக்கட்டும். பொழுதுக்கும் அதும்பக்கத்துல ஒக்காரப் போறது மாமாதான?"

சுபாஷோடு சேர்ந்து மாயவனும் சிரித்துவைத்தான். வேலை ஓய்ந்தால் ஜன்னலோரம் குந்திக்கொண்டு மழையை வேடிக்கை பார்ப்பது அவன் வழக்கம்தான். பனி உள்ளே வராதபடி கண்ணாடி போட்ட அலுமினிய ஜன்னலாகப் பார்த்து எடுத்தான்.

சாமான் ஏற்ற வேன் வரும்வரை கடை வாசலில் உட்கார்ந்தார்கள். பேசிக் களைத்ததில் அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இந்த மாசத்துக்குள்ளயே பால் காய்ச்சிடலாம் காசி" என்றான் மாயவன், குரலை எப்படியோ சரிபண்ணிக்கொண்டு. "பொறவு மணிமொழிக்கு மாப்ள பாக்கலாம். அந்தக் கதவு வழியா சீரு பீரோ ஜம்முனு உள்ள வரும் பாரு."

காசியம்மாள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பீரோவுக்கு இல்ல மாமா. அத்தய வெச்ச ஐஸ் பொட்டி பழைய வூட்டுக் கதவுல நொழையவே இல்ல. ராவெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில, மழையிலதான கெடந்துச்சு?"

மாயவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னயாவது உள்ள வெச்சி அழு மாமா."