பெட்டிக்கு அளவு

தூத்துக்குடியில் சவப்பெட்டி செய்யும் இனிகோவின் பட்டறைக்குள், ஹெல்மெட் போட்ட அமெரிக்க மாலுமி ஒருவன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு பெட்டி வேணும்."

"ரக்பி ஆடுன இங்கிலீஷ்காரனுக்கா? புதுத் துறைமுக மைதானத்துல பார்த்தேனே, காது கிழிஞ்சு ஒரே ரத்தம். போயிட்டானா பாவம்?"

"அவன் தையல் போட்டுட்டு டீ குடிக்கான். வெறுந்தலைங்கிறதால தலையை ஒதுக்கித் தோளால மோதுதான். எங்க அமெரிக்க ஃபுட்பாலும் கையில பந்தோட மோதுறதுதான், ஆனா அப்படியில்ல. ஹெல்மெட்டை நம்பித் தலையாலயே முட்டுவோம். இன்னைக்கும் அப்படித்தான் முட்டுனேன்."

அமெரிக்கன் இவ்வளவு நல்ல தூத்துக்குடித் தமிழை எங்கே படித்தான் என்று இனிகோவுக்கு லேசாக உறுத்தியது.

"பெறகு பெட்டி யாருக்கு?"

"என்னைத்தான் அளக்கணும்."

இனிகோ அளவுகோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "உமக்கு ஒரு கீறல்கூட இல்லையே, துரை! உசுரோட இருக்கவனைப் பெட்டிக்கு அளக்கது எங்க வழக்கமில்ல."

"தெரியும் அண்ணாச்சி. அதான் மூச்சு நின்ன பொறவு வந்திருக்கேன்."